தேர்தலுக்குப் பின் ஒரு ராஜினாமா: கடிதம் யார் கைக்குப் போகிறது?

வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் காலைச் செய்தியில் ஒரு வரி வரும்: உயர் பதவியில் இருந்த ஒருவர் ராஜினாமா செய்துவிட்டார். கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் இரண்டு தீர்ப்புகள் ஊரெல்லாம் பரவிவிடும். ‘மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஓடுகிறார்’ என்பது ஒன்று. ‘மனசாட்சி உள்ள மனிதர், பதவியைத் தூக்கியெறிந்துவிட்டார்’ என்பது இன்னொன்று. தோற்ற கட்சியைப் பிடிக்காதவர் முதலாவதைச் சொல்வார், பிடித்தவர் இரண்டாவதைச் சொல்வார். அது என்ன பதவி, எப்படி வந்தது, எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு.

எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. வழக்கப்படி விலகிய ஒருவர் காரணமே இல்லாமல் திருடன் பட்டம் சுமக்கிறார். உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விலகலோ இரண்டு நாள் செய்தியாகி மறைந்துபோகிறது. இரண்டுமே நம் எல்லோருக்கும் நஷ்டம். அதனால் நம் நாட்டில் இந்த ராஜினாமாக்கள் எப்படி நடக்கின்றன என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். இதைப் படிக்கச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## கல்யாண மண்டபத்தில் நான்கு பேர்

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தை வாடகைக்கு எடுத்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பம் கையோடு கூட்டிவந்த சமையல்காரர் இருக்கிறார். மண்டபத்திலேயே மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேனேஜர் இருக்கிறார். இவர்கள் தவிர, கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தரும் தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உண்டு. அவர் குடும்பத்தின் ஆளும் இல்லை, மண்டபத்தின் ஆளும் இல்லை.

முகூர்த்தம் முடிந்ததும் குடும்பம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறது. சமையல்காரர் அண்டாக்களை வண்டியில் ஏற்றுகிறார். ‘ஏன் போகிறார், சாம்பாரில் ஏதாவது கோளாறா?’ என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள் தங்கள் சமையல்காரரோடு வருவார்கள். மேனேஜர் மட்டும் அங்கேயே இருக்கிறார். ஜெனரேட்டர் சாவி எங்கே, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நேரம் வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் ஒரு கல்யாணம் முடிந்த மறுநாள் வேலையை விட்டால், என்ன நடந்தது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. சான்று தரும் அதிகாரி, பெரிய கல்யாணத்துக்கு முந்தின நாள் காரணம் சொல்லாமல் விலகினால், கேட்டே ஆக வேண்டும்.

அரசுப் பதவிகளையும் ஏறத்தாழ இப்படிப் பிரிக்கலாம். முதலமைச்சரும் அமைச்சர்களும் குடும்பம். அரசு தலைமை வழக்கறிஞர் போன்றவர்கள் சமையல்காரர். தலைமைச் செயலர் முதலான ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் மேனேஜர். தேர்தல் ஆணையர், தேர்வாணைய உறுப்பினர் போன்றவர்கள் சான்று தருபவர். ‘ராஜினாமா’ என்ற ஒரே சொல் இந்த நான்கு பேருக்கும் நான்கு பொருள் தருகிறது. குழப்பம் ஆரம்பிப்பது இங்கேதான்.

## குடும்பம்: வென்றவரும் ராஜினாமா செய்வார்

2024 ஜூன் 4 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தன. மறுநாளே பிரதமர் நரேந்திர மோதி குடியரசுத் தலைவரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். ஜூன் 9 அன்று அவரே மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார். அப்படியானால் அந்த ராஜினாமாவுக்கு என்ன பொருள்? பழைய அவையின் நம்பிக்கையில் அமைந்த அமைச்சரவை முடிந்தது, புதிய அவையின் நம்பிக்கையில் இன்னொன்று அமையப்போகிறது என்பது மட்டும்தான். கணக்குப் புத்தகத்தில் பழைய பக்கத்தை மூடிக் கோடு போடுவது போன்ற செயல் அது. வெற்றி தோல்விக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

தோற்றவர் செய்வதும் இதே செயல்தான். 2021 மே 2 அன்று தமிழ்நாட்டு முடிவுகள் வந்தன. மறுநாள் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். மே 7 அன்று மு.க. ஸ்டாலின் பதவியேற்றார்.

இடைப்பட்ட நாட்களில் நாட்டை யார் நடத்துவது? புதியவர் வரும்வரை பழைய அமைச்சரவையையே தொடரச் சொல்வார்கள். இதைத்தான் செய்தியில் ‘காபந்து அரசு’ என்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. ஆனால் பிரதமரும் அமைச்சரவையும் எந்த நேரமும் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971-ல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. மக்களவை கலைந்த பிறகு இந்திரா காந்தி பிரதமராகத் தொடரலாமா என்பது அந்த வழக்கின் கேள்வி.

## சமையல்காரர்: நம்பிக்கையில் இருக்கும் பதவி

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டின் அரசு தலைமை வழக்கறிஞர் விஜய் நாராயண் ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு ஆர். சண்முகசுந்தரம் வந்தார். 2014-ல் மத்தியில் ஆட்சி மாறியபோது, இந்திய அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த குலாம் வாகன்வதி விலக, முகுல் ரோத்தகி வந்தார். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் ‘முதல் விக்கெட் விழுந்தது’ என்று ஒரு கூட்டம் துள்ளுவதைப் பார்க்கிறேன். அதில் விழுந்தது எதுவும் இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 165-வது பிரிவு, மாநில அரசு தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிப்பார் என்றும், ஆளுநர் விரும்பும்வரை அவர் பதவியில் இருப்பார் என்றும் சொல்கிறது. நடைமுறையில் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பதால், அரசு விரும்பும்வரை என்று படித்துக்கொள்ளலாம். இதற்கு விருப்பக் கோட்பாடு என்று பெயர் வைத்துக்கொள்வோம்: நியமித்தவரின் விருப்பம் தொடரும்வரை பதவியும் தொடரும்.

இது ஏன் நியாயம்? வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே நம்பிக்கை வேண்டும். பழைய அரசு ஒரு சட்டத்தை நீதிமன்றத்தில் நியாயப்படுத்திக்கொண்டிருக்கும். அந்தச் சட்டத்தையே ரத்து செய்வோம் என்று வாக்குறுதி கொடுத்துப் புதிய அரசு வந்திருக்கும். நேற்று ஆதரித்து வாதாடியவர் இன்று அதே நீதிபதி முன் நின்று எதிர்த்து வாதாடுவது அவருக்கும் கௌரவம் இல்லை, அரசுக்கும் உதவி இல்லை. ஆகவே கேட்பதற்கு முன்பே கடிதம் கொடுப்பது தொழில் நாகரிகம். கட்சிக்காரர்களாகப் பார்த்து நியமிக்கப்படும் வாரியத் தலைவர் பதவிகளும் பெரும்பாலும் இந்த வகையே.

அமெரிக்காவில் இந்த இரண்டாம் வகை மிகப் பெரியது. அதிபர் மாறினால் ஏறத்தாழ 4,000 அரசியல் நியமனப் பதவிகளுக்குப் புதிய ஆட்களைப் பார்க்க வேண்டும். அந்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கேயும் கலெக்டர் வரைக்கும் எல்லோரும் கட்சியோடு வந்து கட்சியோடு போகிறவர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நம் அமைப்பு இல்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். அமைச்சர்களின் ராஜினாமா ஒரு பக்கத்தை மூடும் கோடு. அரசு வழக்கறிஞரின் ராஜினாமா, புது முதலாளிக்கு வழிவிடும் மரியாதை. இந்த இரண்டிலும் குற்றமோ தியாகமோ தேட வேண்டாம். வேறு ஆதாரம் இருந்தால், அதை வைத்துத் தனியாகப் பேசலாம்.

## மேனேஜர்: வெளியே போவதில்லை, அறைதான் மாறுகிறது

ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளும் விருப்பக் கோட்பாட்டுக்குள்தான் வருகிறார்கள். 310-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அடுத்த பிரிவான 311 அதற்குக் கடிவாளம் போடுகிறது. குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரணை நடத்தி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் அவர்களைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ முடியும். சில விதிவிலக்குகள் உண்டு, இப்போதைக்கு அவை வேண்டாம். சுருங்கச் சொன்னால், புதிய அரசுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு ஐஏஎஸ் அதிகாரியை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

அரசால் செய்ய முடிந்தது இடமாற்றம். அதிகாரி பணியில் இருப்பார், சம்பளம் வரும், நாற்காலி மாறும். தமிழ்ப் பத்திரிகைகள் இதைத்தான் ‘தூக்கியடிப்பு’ என்கின்றன. 2021 மே 7 அன்று, புதிய முதலமைச்சர் பதவியேற்ற அதே நாளில் வெ. இறையன்பு தலைமைச் செயலராக்கப்பட்டார். அதுவரை அப்பொறுப்பில் இருந்த ராஜீவ் ரஞ்சன் வேறு பொறுப்புக்கு மாற்றப்பட்டார். இதை ‘நீக்கம்’ என்றோ ‘ராஜினாமா’ என்றோ சொல்வது தவறு. இரண்டும் இல்லை.

இன்னொரு வகை மாற்றமும் தேர்தல் முடிந்ததும் வரும். தேர்தல் அறிவித்த பிறகு தேர்தல் ஆணையம் சில காவல் அதிகாரிகளையும் ஆட்சியர்களையும் மாற்றும். தேர்தல் நடைமுறை முடிந்து அதிகாரம் முழுக்க அரசின் கைக்குத் திரும்பியதும் அவர்களில் பலர் மறுபடி இடம் மாறுவார்கள். ‘பழிவாங்கல்’ என்று எழுதும் முன், ஆணையம் முதலில் யாரை எங்கே மாற்றியது என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

எல்லா நாற்காலியையும் இப்படி நினைத்தவுடன் மாற்றிவிட முடியுமா என்றால், முடியாது. மாநிலக் காவல்துறைத் தலைவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேரளத்தில் 2016-ல் ஆட்சி மாறியதும், காவல்துறைத் தலைவராக இருந்த டி.பி. சென்குமார் மாற்றப்பட்டார். அவர் ராஜினாமா செய்யவில்லை, வழக்குப் போட்டார். 2017 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் அதே பதவியில் அமர்த்தச் சொன்னது. அந்த ஜூன் மாத இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். நாட்கள் கொஞ்சம்தான். ஆனால் தேர்தலில் வென்ற அரசின் கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு அது சாட்சி.

சரி, இந்த வகை அதிகாரி உண்மையிலேயே ராஜினாமா செய்தால்? அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு அது விலை உயர்ந்த முடிவு. ராஜினாமா செய்பவர் அதுவரை பார்த்த பணிக்காலத்தின் ஓய்வூதியப் பலன்களைப் பொதுவாக இழக்கிறார். இதனால்தான் பலர் விருப்ப ஓய்வு கேட்கிறார்கள். 50 வயதோ 20 ஆண்டுத் தகுதிப் பணியோ முடித்தவர், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஓய்வில் போகலாம், ஓய்வூதியமும் உண்டு. தலைப்புச் செய்தி இரண்டையும் ‘ராஜினாமா’ என்றே போடும். ஒருவர் இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பலனோடு போகிறாரா, அதை விட்டுவிட்டுப் போகிறாரா என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம்! அவருடைய மனநிலையைப் பற்றி வெளியாளான நமக்குக் கிடைக்கும் நேர்மையான தடயம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

## சான்று தருபவர்: இங்கே கவலைப்படலாம்

தேர்தல் ஆணையர், மாநிலத் தேர்வாணைய உறுப்பினர், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் போன்றவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் பதவிக்காலம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் ஆணையருக்கு ஆறு ஆண்டு அல்லது 65 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஆட்சி மாறினாலும் இவர்கள் மாற வேண்டியதில்லை, மாறக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்க வேண்டுமென்றால், உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான நாடாளுமன்ற வழிதான்.

ஆகவே இப்படி ஒருவர் பதவிக்காலம் முடியும் முன் தானாகப் போனால், ‘ஆட்சி மாறிவிட்டது, அதனால் போகிறார்’ என்ற சாதாரண விளக்கம் பொருந்தாது. 2024 மார்ச் 9 அன்று தேர்தல் ஆணையர் அருண் கோயல் ராஜினாமா செய்தார். அவருக்கு 2027 வரை பதவிக்காலம் இருந்தது. இன்னொரு ஆணையர் அனூப் பாண்டே முந்தைய மாதமே ஓய்வு பெற்றிருந்ததால், மூவர் இருக்க வேண்டிய ஆணையத்தில் தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் மட்டும் மிஞ்சினார். ஒரு வாரத்தில், மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. அதற்கு இரண்டு நாள் முன்னதாகத்தான் காலியிடங்களுக்குப் புதியவர்கள் நியமிக்கப்பட்டார்கள். இது தேர்தலுக்கு முந்திய ராஜினாமா என்றாலும், வேறுபாட்டைக் காட்ட இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அப்போது மக்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை, விரிவான பதில் வந்திருக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் விலகும்போது எழும் கூச்சலில் கால்வாசியாவது இங்கே நீடித்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சுருக்கமாக: மேனேஜர் பொதுவாக ராஜினாமா செய்ய மாட்டார், இடம்தான் மாறுவார். அதையும் மீறிச் செய்தால் காரணம் தேடலாம். சான்று தருபவர் செய்தால் காரணம் கேட்பது குடிமக்களின் உரிமை.

## எந்தப் பெட்டியிலும் அடங்காத ஆளுநர்

ஆளுநர் பதவிதான் இந்த வகைப்பாட்டைச் சோதிக்கிறது. எழுத்துப்படி, குடியரசுத் தலைவர் விரும்பும்வரை பதவி. ஆகவே சமையல்காரர் போலத் தெரியும். ஆனால் மாநிலத்தில் அவர் செய்ய வேண்டியது நடுநிலை வேலை.

2004-ல் மத்தியில் ஆட்சி மாறியதும் உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா ஆகிய நான்கு மாநில ஆளுநர்கள் நீக்கப்பட்டார்கள். அதை எதிர்த்து பி.பி. சிங்கல் தொடுத்த வழக்கில், 2010 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஆளுநர் மத்திய அரசின் வேலையாள் இல்லை. புதிய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதோ, அரசுக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பதோ அவரை நீக்கக் காரணம் ஆகாது. காரணத்தை வெளியே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டாலும், தகுந்த காரணம் ஒன்று இருந்தாக வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம். 2014-ல் மறுபடி ஆட்சி மாறியது. நேரடியாக நீக்குவது இப்போது சட்டப்படி கடினம். அந்த ஆண்டு ஜூன் முதல் பல ஆளுநர்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்தார்கள். மேற்கு வங்கத்தில் எம்.கே. நாராயணன், உத்தரப் பிரதேசத்தில் பி.எல். ஜோஷி, ஆகஸ்டில் கேரளத்தில் ஷீலா தீட்சித். மகாராஷ்டிர ஆளுநர் கே. சங்கரநாராயணன், தன்னை மிசோரத்துக்கு மாற்றியதும் விலகினார். உத்தராகண்ட் ஆளுநர் அஸீஸ் குரேஷியோ, விலகும்படி உள்துறைச் செயலர் தன்னிடம் பேசினார் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் போனார்.

கவனியுங்கள், ‘ராஜினாமா’ என்ற சொல்லுக்கு இங்கே ஐந்தாவது பொருள் ஒன்று முளைக்கிறது. கையெழுத்து அவருடையது, முடிவு யாருடையது என்று தெரியாது. இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் காலத்தில் இதைச் செய்திருக்கின்றன. அவரவர் கட்சி செய்தபோது வாய்மூடி இருந்துவிட்டு மற்றவர் செய்தபோது மட்டும் ஜனநாயகம் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

## கடிதம் கொடுத்தால் போதுமா?

கடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினால் வேலை முடிந்ததாகாது. முதலாளி சரக்கையும் கல்லாவையும் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். ஐஏஎஸ் அதிகாரியின் ராஜினாமாவும் அப்படியே. கடிதம் மாநில அரசின் வழியாகப் போகும், ஆனால் ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் மத்திய அரசுக்கு. அவர்மேல் விசாரணை இருக்கிறதா, பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏற்கும்வரை அவர் பணியில்தான் இருக்கிறார். 2019 ஜனவரியில் ராஜினாமா அறிவித்து, அரசியல் கட்சியும் தொடங்கிய காஷ்மீர் அதிகாரி ஷா ஃபைசல், அது ஏற்கப்படாமல் இருந்ததால் அதைத் திரும்பப் பெற்று, 2022-ல் பணிக்கே திரும்பினார்.

உயர் நீதிமன்ற நீதிபதியின் நிலை வேறு. அவர் தன் கைப்படக் குடியரசுத் தலைவருக்கு எழுதினால் போதும், யாரும் ‘ஏற்க’ வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஒரு சுவையான வழக்கு வந்தது. அலகாபாத் நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே 7 அன்று, ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதினார். ஜூலை 15 அன்று அதைத் திரும்பப் பெற்றார். செல்லுமா? செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். சொன்ன நாள் வரும்வரை ராஜினாமா முழுமை அடைவதில்லை.

ஆகவே ‘ராஜினாமா செய்தார்’ என்ற செய்திக்கு அடுத்த கேள்வி, ‘எந்த நாளிலிருந்து, யார் ஏற்க வேண்டும்?’ என்பதே.

## மக்கள் ஏன் அப்படிக் கொதிக்கிறார்கள்?

மக்களைக் குறைசொல்வது எளிது. நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. கொதிப்பதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். தேர்தல் முடிந்தது, மறுநாள் ராஜினாமா. ‘பின்னால்’ என்பதை மனம் ‘அதனால்’ என்று மாற்றிக்கொள்கிறது. சில நேரம் அது சரியும்கூட. அரசு வழக்கறிஞர் விலகுவது தேர்தலால்தான். ஆனால் ‘தேர்தலால்’ என்பதிலிருந்து ‘குற்றத்தால்’ என்பதற்குத் தாவ, நடுவில் ஒரு பாலமும் இல்லை.

அடுத்தது மௌனம். அரசை வெளிப்படையாக விமர்சிக்கக் கூடாது என்பது அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கான 1968-ம் ஆண்டு நடத்தை விதிகளில் ஒன்று. ராஜினாமா ஏற்கப்படும்வரை அந்த விதி அவரைக் கட்டும். ஆகவே அவர் சொல்லக்கூடியது ‘சொந்தக் காரணங்கள்’ என்ற இரண்டு சொற்கள்தான். சொல்ல முடியாததால் மௌனமாக இருப்பவரை, மறைக்கிறார் என்று நாம் படித்துவிடுகிறோம். வெற்றிடத்தை வதந்தி நிரப்புகிறது.

மூன்றாவது காரணம் நம் நினைவில் இருக்கிறது, அதுவும் தமிழ் மண்ணிலேயே. 1956 நவம்பரில் அரியலூர் அருகே ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. இரண்டாம் முறை ஏற்றார். அன்றிலிருந்து ராஜினாமா என்றாலே நமக்கு அறத்தின் அளவுகோல் ஆகிவிட்டது. ஆனால் அதே துறையின் துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனைத் தமிழ்நாடு வேறுவிதமாக நடத்தியது. ‘ஆண்டது’, ‘மாண்டது’ என்று எதுகை சேர்த்த முழக்கம் 1957 தேர்தல் மேடைகளில் அவரைத் துரத்தியது. ஒரே விபத்து, ஒரே அமைச்சகம். ஒருவர் பாடப் புத்தகத்துக்குப் போனார், இன்னொருவர் முழக்கத்துக்குள் மாட்டினார். மக்களின் எதிர்வினை பதவியின் தன்மையைப் பார்த்து மட்டும் வருவதில்லை, தேர்தல் களம் அதற்குத் தன் நிறத்தைப் பூசிவிடுகிறது.

சாஸ்திரி அமைச்சர், அரசியல் பொறுப்பு சுமப்பவர். அந்த அளவுகோலை அப்படியே ஒரு துறைச் செயலர்மேல் வைத்து, ‘தேர்தலில் மக்கள் தண்டித்துவிட்டார்கள், இவர் ஏன் விலகவில்லை?’ என்று கேட்பது பொருந்தாது. தேர்தலில் நின்றவர் அவர் இல்லை. அவர் தவறு செய்திருந்தால் அதற்கு விசாரணை உண்டு, வாக்குப்பெட்டி அதற்கான இடம் இல்லை.

## ராஜினாமா செய்யாத ஒரு தலைமைச் செயலர்

இவ்வளவையும் ஒரே கதையில் பார்க்க வேண்டுமென்றால் ஈ.பி. ராயப்பாவின் வழக்கைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு ஐஏஎஸ் அதிகாரியான அவர் 1969 நவம்பரில் பொறுப்புத் தலைமைச் செயலர் ஆனார். 1971 மார்ச்சில் தேர்தல் நடந்து, மு. கருணாநிதி தலைமையில் திமுக மீண்டும் வென்றது. ஏப்ரல் 7 அன்று ராயப்பா, மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் என்று புதிதாக உண்டாக்கிய பதவிக்கு மாற்றப்பட்டார். அவர் அதில் சேராமல் விடுப்பில் போனார். 1972-ல் விற்பனை வரிச் சட்டங்களைத் திருத்தும் பணிக்கான தனி அதிகாரி என்று இன்னொரு பதவி கொடுத்தார்கள். அதிலும் சேரவில்லை. தேர்தல் வன்முறைப் புகார்களில் தான் கண்டிப்பாக நடந்துகொண்டதே மாற்றத்துக்குக் காரணம் என்றும், கூவம் சீரமைப்புத் திட்டம் உள்ளிட்ட சிலவற்றில் தன் நிலைப்பாடு பிடிக்கவில்லை என்றும் குற்றம்சாட்டி நேராக உச்ச நீதிமன்றம் போனார்.

ஊர் அன்று இரண்டாகப் பிரிந்து பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நீதிமன்றம் 1973 நவம்பரில் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. உள்நோக்கம் இருந்தது என்று குற்றம்சாட்டுபவரே அதை நிரூபிக்க வேண்டும், சந்தேகம் போதாது என்றது. தலைமைச் செயலர் பதவி மிகுந்த நம்பிக்கைக்குரியது, நிர்வாகத்தின் அச்சாணி, முதலமைச்சருக்கும் அவருக்கும் முழு இணக்கம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இன்று எந்த ஆட்சி வந்தாலும் தலைமைச் செயலரை மாற்றும்போது பின்னால் நிற்பது இந்த வாதமே. மேனேஜர்களிலேயே தலைமை மேனேஜருக்கு மட்டும் சமையல்காரரின் சாயல் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி பகவதி தனக்காகவும், உடனிருந்த நீதிபதிகள் சந்திரசூட், கிருஷ்ண ஐயர் ஆகியோருக்காகவும் எழுதிய பகுதியில், சமத்துவமும் தன்னிச்சையும் ஒன்றுக்கொன்று பகை என்றார். அரசு காரணமில்லாமல் மனம்போன போக்கில் ஒரு முடிவெடுத்தால், அதுவே சம உரிமையை மீறுவதாகும். பின்னால் 1978-ல் மேனகா காந்தி வழக்கு அதை இன்னும் உறுதியாக்கியது. இடமாற்றம், டெண்டர், கல்லூரி இடம், நியமனம் என்று அரசை எதிர்த்து நீதிமன்றம் போகிறவர்களின் மனுக்களில் இன்றும் ‘ராயப்பா எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற வரி வருகிறது. ராயப்பா கேட்டது தன் நாற்காலியை. அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.